பேரிங் நல்லா இருக்கு கண்ணு

போன மாதம் அக்கா மகன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளின் விவரப் பக்கங்களை ஒட்டிவைத்த படம். கீழே ஒரு வரி: "மாமா, இதுல எந்த டிஸ்க்ல நல்ல பேரிங்?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டிருந்தான். அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து, சொந்தத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் நான் சொல்லிவந்த வசனம் அது. "ஹார்ட் டிஸ்க்கில் பேரிங் என்னன்னு கேளு. ஃப்ளூயிட் பேரிங்கா இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கு." கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பக்கங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சுழலும் வேகம் இருக்கிறது, கேஷ் என்கிற தற்காலிக நினைவகத்தின் அளவு இருக்கிறது, எத்தனை வருட வாரண்டி என்று இருக்கிறது. பேரிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்காது. இப்போது கடையில் கிடைக்கும் எந்த ஹார்ட் டிஸ்க்கிலும், எஃகுக் குண்டுகள் மேல் அச்சு சுழலும் பழைய குண்டு பேரிங் கிடையாது; இருபது வருடமாகவே அப்படித்தான். கலர் டிவியா என்று கேட்டு டிவி வாங்கச் சொல்லும் ஆளாக நான் இத்தனை நாளும் இருந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, பாவம், இவனுக்கு ஏதோ தெரியும் போல என்று விட்டுவிட்டார்கள்.

அது பழைய யோசனை, இப்போது பொருந்தாது என்று பதில் அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன். இன்னொன்றையும் சொல்லாமல் அந்தப் பதில் முழுசாகாது என்று தோன்றியது. அந்த யோசனை பொருந்திய காலத்திலும் அது தவறுதான். 2007-லிருந்து அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சொல்லிக்கொண்டே இருந்தேன்? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டெஸ்டரும் காதும்

எங்கள் அப்பா கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், எப்போதாவது ஒரு லேத் மோட்டார். பள்ளி விட்டு வந்தால் நான் அங்கேதான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே 6203, 6204 என்ற பேரிங் எண்கள் எல்லாம் தெரியும். கடைசி இரண்டு எண் 04-ஓ அதற்கு மேலோ இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட்டின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும்: 04 என்றால் 20. நாலாம் வாய்ப்பாடு தடுமாறிய காலத்தில் ஐந்தாம் வாய்ப்பாடு மட்டும் எனக்கு மனப்பாடம்.

ஓடும் மோட்டாரை அப்பா பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரை எடுத்து, அதன் முனையை பேரிங் உட்கார்ந்திருக்கும் மூடியில் வைத்து, பிடியைக் காது எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். பத்து எண்ணுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். கிரீஸ் வறண்டிருந்தால் ஒரு சத்தம், குண்டில் சொத்தை விழுந்திருந்தால் ஒரு சத்தம், குண்டு ஓடும் வளையமான ரேஸில் தடம் விழுந்திருந்தால் வேறு ஒரு சத்தம். எனக்கும் பிடித்துக் காட்டுவார். எனக்கு முதல் இரண்டு வருடம் எல்லாமே ஊளையாகத்தான் கேட்டது. அப்புறம் ஒருநாள் திடீரென்று பிரிந்து கேட்டது, கூட்டத்தில் அம்மாவின் குரல் கேட்கிற மாதிரி.

புது பேரிங் ஏற்றும்போது அவர் திட்டும் திட்டு தனி. ஷாஃப்ட்டில் ஏற்றுகிறோமா, பைப்பை உள் ரேஸ் மேல் வைத்துத்தான் தட்ட வேண்டும். வெளி ரேஸில் அடி விழுந்தால் அந்த அடி முழுக்கக் குண்டு வழியாகப் போய், குண்டு ஒவ்வொன்றும் தடத்தில் பொட்டு வைத்த மாதிரி பதிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஓட விட்டால் ஒரு வாரத்தில் முனக ஆரம்பிக்கும். "அடிச்சவன் மறந்துருவான், பேரிங் மறக்காது" என்பார்.

அப்படி வளர்ந்தவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ரேம், பிராசஸர் எதுவும் எனக்கு உறைக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு மோட்டார் ஓடுகிறது, நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதன் மேல் தகடு, தகட்டின் மேல் நம் ஆயுசு. சரி, அந்த மோட்டாருக்கு என்ன பேரிங்?

ரிச்சி தெருவில் 80 ஜிபி

2000-இல் வாங்கிய என் முதல் கம்ப்யூட்டரில் 20 ஜிபி டிஸ்க். குண்டு பேரிங். இரண்டே வருடத்தில் அது கீச்சென்று ஒரு மெல்லிய ஊளை போட ஆரம்பித்தது. ராத்திரி மின்விசிறியை நிறுத்தினால் அறை முழுக்க அதுதான் கேட்கும். அறை நண்பனுக்கு அது கம்ப்யூட்டர் சத்தம், எனக்கு அது கிரீஸ் வறளும் சத்தம். பயந்துபோய் 2003 கடைசியில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி, மாடியில் அலமாரி அளவு கடை. ஒரே கம்பெனியின் இரண்டு 80 ஜிபி டிஸ்க்குகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். விலை நாலாயிரத்தை ஒட்டி. ஒன்று மட்டும் இருநூறு ரூபாய் கூட.

"ஏன் சார் கூட?"

"அது லிக்விட் பேரிங் சார். சத்தமே வராது."

அந்த ஒரு வார்த்தை போதும், நான் விழுந்துவிட்டேன். கடை வாசலில் நின்று அப்பாவுக்கு போன் போட்டேன். லிக்விட் பேரிங் என்றதும் அவர் கொஞ்சம் யோசித்தார். "குண்டே இல்லையா? ஆயில்ல ஓடுற புஷ்ஷா?" ஆமாங்ப்பா என்றேன், எனக்கும் அவ்வளவுதான் தெரியும். "அட, அப்ப நம்ம போர் மோட்டாராட்டந்தான்."

போர் மோட்டாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கும் தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் குண்டு பேரிங் இருக்காது. பக்கவாட்டில் குண்டில்லாத வெறும் குழாய் மாதிரியான புஷ், அடியில் பளபளப்பாகத் தேய்த்த கார்பன் தட்டு. மோட்டார் நிற்கும்போது எஃகு கார்பன் மேல் உட்கார்ந்திருக்கும். சுற்ற ஆரம்பித்ததும், மோட்டாருக்குள் நிறைந்திருக்கும் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இழுக்கப்பட்டு, நெருக்கப்பட்டு, அந்த நெருக்கடியிலேயே அழுத்தம் பிறந்து, மொத்த எடையையும் தூக்கிவிடும். அப்புறம் உலோகம் எதையும் தொடுவதில்லை, தண்ணீர் மேல் ஓடுகிறது. தேய்மானம் எல்லாம் கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான். இதை இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் 1883-இல் தற்செயலாகக் கண்டார். ரயில் அச்சு பேரிங்கில் எண்ணெய் விட மேலே ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியாக மேலே வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரத்தில் ஆப்பு செய்து அடித்தார், அதுவும் மெல்ல எழுந்து வந்தது. அப்புறம்தான் அழுத்தமானியை மாட்டிப் பார்க்கத் தோன்றியது. மூன்று வருடம் கழித்து ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் அதற்குச் சமன்பாடு எழுதினார். கடைக்காரர் லிக்விட் என்று சொன்ன, ஹார்ட் டிஸ்க்கின் ஃப்ளூயிட் பேரிங்கும் அதே கதைதான். ஷாஃப்ட்டுக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி, அதில் ஒரு துளி எண்ணெய், உறையின் சுவரில் மீன்முள் மாதிரி பொறித்த கோடுகள். சுற்றும்போது அந்தக் கோடுகள் எண்ணெயை நடுவுக்குத் தள்ளும், ஷாஃப்ட் மிதக்கும்.

அப்பா போனில் கடைசியாகச் சொன்னது: "தண்ணி இருக்கற வரைக்கும் அதுக்குச் சாவு இல்ல." அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன். அந்த வாக்கியத்தின் முன்பாதியில் ஒரு நிபந்தனை இருந்ததைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. பழைய 20 ஜிபி கத்திக்கொண்டே இருக்கட்டும், பாட்டும் சினிமாவும் அதில். முக்கியமானதெல்லாம் புது ஊமை டிஸ்க்கில். 2005-இல் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. டிஜிட்டல் கேமரா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. குப்புற விழுந்தது, முதல் பல், மொட்டை அடித்தது, எல்லாம் ஊமையிடம்.

குண்டை ஏன் கைவிட்டார்கள்

குண்டு பேரிங்கை கம்பெனிகள் கைவிட்ட காரணத்தை நான் அப்போது தெரிந்துகொண்டிருந்தால் கொஞ்சம் தெளிந்திருப்பேன். நான் நினைத்தது: சீக்கிரம் தேய்கிறது, அதனால் மாற்றினார்கள். நடந்தது வேறு. லேத் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரியில் புரியும்: சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் பிளே, அதாவது ஆட்டம், இருந்தால் எவ்வளவு உசத்தியான டூல் வைத்தாலும் ஃபினிஷ் வராது. டிஸ்க்கின் தகட்டில் தடங்கள் வட்டவட்டமாக, ஓர் அங்குலத்துக்குப் பல பத்தாயிரம் என்ற கணக்கில் நெருங்கத் தொடங்கியிருந்தன; இன்றைக்கு அது லட்சக்கணக்கு. தகட்டில் எழுதிப் படிக்கும் ஹெட் தடத்தின் மேலேயே இருக்க வேண்டும். தகடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி ஆடினால் பரவாயில்லை, அந்த ஆட்டத்தை டிஸ்க் கற்றுக்கொண்டு ஹெட்டையும் அதே போல ஆட்டிவிடும். குண்டு பேரிங்கின் தொல்லை என்னவென்றால், எந்த இரண்டு குண்டும் நூற்றுக்கு நூறு ஒரே உருண்டை இல்லை, குண்டுக் கூடு ஷாஃப்ட்டின் வேகத்தில் சுற்றுவதும் இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் மாறும். மாறும் ஆட்டத்தைக் கற்க முடியாது. எண்ணெய்ப் படலத்தில் அந்த மாறும் ஆட்டம் பல மடங்கு குறைவு. தடங்களை இன்னும் நெருக்கலாம், அதே தகட்டில் இன்னும் நிறைய எழுதலாம்.

சத்தம் குறைந்தது இரண்டாவது லாபம். சீகேட் 2001-இல் கொண்டுவந்த பாரகூடா ஏடிஏ 4 ஃப்ளூயிட் பேரிங்குடன் வந்து, 7,200 சுற்று டிஸ்க்கும் அமைதியாக இருக்கலாம் என்று காட்டியது. அடுத்த சில வருடங்களில் மற்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். மாறும் காலத்தில் ஒரே மாடல் பெயரில் இரண்டு வகையும் விற்றன. எனக்குக் கிடைத்த இருநூறு ரூபாய் வித்தியாசம் அந்தக் காலத்துச் சரக்கு. ஆயுசும் கூடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மூன்றாவது.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று நாம் அடித்துக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் மோட்டார் பெரும்பாலும் ஒரே இடத்துச் சரக்கு. ஜப்பானின் கியோட்டோவில் 1973-இல் தொடங்கிய நைடெக் என்ற கம்பெனிதான் உலகின் ஹார்ட் டிஸ்க் மோட்டார்களில் பெரும்பங்கைச் செய்கிறது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது டிஸ்க் தொழிற்சாலைகளோடு மோட்டார் செய்யும் இடங்களும் மூழ்கின. இங்கே ரிச்சி தெருவில் விலை எங்கேயோ போய் நின்றது. எந்த லேபிள் ஒட்டிய டிஸ்க்குக்கும் தப்பிக்க வழி இல்லை.

பட்டறையில் ஒரு சாயங்காலம்

2007 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊமை வாயைத் திறந்தது. டிக்... டிக்... டிக்... கொஞ்சம் நின்று மறுபடி டிக். கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணவில்லை. முந்தின ராத்திரி வரை ஒரு முனகல் இல்லை, ஒரு ஃபைல் திறக்க மறுத்ததில்லை. அதே பெட்டிக்குள் ஏழு வருடத்து 20 ஜிபி தன் பாட்டுக்கு ஊளையிட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் டேட்டா மீட்டுத் தரும் ஓர் இடத்தில் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, ஹெட் தகட்டைச் சுரண்டிவிட்டது, எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். பார்த்ததற்கு மட்டும் காசு.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது இரண்டு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரோடு எடுத்துப் போனேன். ஏன் என்று தெரியவில்லை. பேரிங் போனால் அப்பாவிடம்தான் போக வேண்டும் என்ற பழக்கமாக இருக்கும். பட்டறையில் ஒரு போர் மோட்டாரைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையில் இடம் செய்தார். மின்சாரம் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.

முதலில் 20 ஜிபி. முனையை மூடியின் நடுவில், ஸ்பிண்டிலுக்கு மேலே வைத்து, பிடியைக் காதருகே அழுத்தி, கண்ணை மூடினார். "கிரீஸ் செத்துப்போச்சு. ரேஸும் லேசா விழுந்திருக்குது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனா மாத்தோணும்." அப்புறம் 80 ஜிபி. இந்தத் தடவை அவர் கண்ணைத் திறக்கவே நேரமானது. டெஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இடத்தை மாற்றி ஓரத்தில் வைத்தார். அப்புறம் நடுவில்.

"பேரிங் நல்லா இருக்கு கண்ணு. இத்தன சுத்தமா ஓடுற மோட்டார நான் கேட்டதே இல்ல. வேற என்னமோ டக்கு டக்குன்னு முட்டுது."

முட்டியது ஹெட் இருக்கும் கை. தகட்டில் தன் இடத்தைக் காட்டும் குறிகளைத் தேடும், கிடைக்காது, ஓரத்துக்குத் திரும்பி முட்டும், மறுபடி தேடும். மோட்டார் தன் வேலையில் நிமிடத்துக்கு 7,200 சுற்றை அட்சரம் பிசகாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றினோம். கண்ணாடி மாதிரித் தகடு. அதில் வெளி ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, நகத்தால் கீறிய அகலத்தில் ஒரு மங்கல் வளையம். அந்த வளையத்தில் எங்கேயோ இருந்ததுதான் மொட்டை அடித்தபோது அழுத முகம். அப்பா தகட்டின் விளிம்பைத் தொடாமல், நடு வளையத்தில் ஆள்காட்டி விரலை வைத்துச் சுற்றினார். என்னையும் சுற்றச் சொன்னார். விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, தேனில் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி, சத்தமும் இல்லை, நெருடலும் இல்லை. 20 ஜிபியை அவர் திறக்க விடவில்லை. "ஓடறத எதுக்குப் பிரிக்கற?"

வெகு நேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மோட்டார்ல பேரிங் போனா பேரிங்க மாத்திருவோம், காயில் போனா காயில் கட்டிருவோம். இதுல எழுதி வெச்சதல்ல போயிருக்குது" என்றார். அப்புறம் கேட்டார்: "மாத்து எதுவும் வெச்சிருக்கலியா?"

மாத்து என்று அவர் கேட்டது பட்டறைப் பேச்சு. காயில் எரிந்த மோட்டாரோடு ஓடி வரும் விவசாயி, இது கட்டி முடிக்கும்வரை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச என்ன செய்வார்? அதற்காக அப்பா இரண்டு மூன்று பழைய மோட்டார்களை ஓடும் நிலையில் வைத்திருப்பார். இந்த பேரிங் இத்தனை வருடம் வரும் என்று யாருக்கும் அவர் சத்தியம் செய்து நான் கேட்டதில்லை. அவர் முதலில் கேட்கும் கேள்வியே "மாத்து மோட்டார் இருக்குதுங்ளா?" என்பதுதான். இத்தனை வருடம் அந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் டெஸ்டரை மட்டும் பார்த்திருக்கிறேன்.

லட்சம் டிஸ்க்குகள் சொன்னது

அதே 2007 பிப்ரவரியில் சான் ஹோசேயில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. சில மாதம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டன. ஒன்று கூகுளுடையது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதியது. டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் எண்களை அதில் அலசியிருந்தார்கள். டிஸ்க் தன் தகட்டைத் தானே சோதிக்கும்போது தெரியும் ஸ்கேன் பிழை முதல் தடவை வந்த டிஸ்க், வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு. சரி, அப்படியானால் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமே என்று நினைத்தபோது அடுத்த வரி: செத்தவற்றில் 56 விழுக்காட்டுக்கும் மேல், முக்கியமான நாலு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருக்கின்றன.

என்னை உலுக்கியது அதைவிடச் சின்ன வரி. மோட்டார் கிளம்பச் சிரமப்பட்டு மறுபடி முயன்றால் அதையும் டிஸ்க் எண்ணி வைக்கும். பேரிங் பைத்தியம் பிடித்தவன் தேடிப்போய்ப் பார்க்கும் எண் அது. அத்தனை டிஸ்க்குகளிலும் சேர்த்து அந்த எண் ஒரு தடவைகூட ஏறவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு தடவைகூட!

இன்னொன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடர், கிப்சன் இருவரும் எழுதியது. அட்டையில் பழுதாகச் சராசரியாகப் பத்து லட்சம் மணி நேரம் ஆகும் என்று போடுகிறார்களே, 114 வருடக் கணக்கு, அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குப்படி வருடத்துக்கு நூற்றில் ஒன்றுகூட மாற்ற வேண்டி வரக்கூடாது. நடைமுறையில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நாலு வரை சாதாரணம், சில இடங்களில் 13 வரை.

எதனால் சாகின்றன என்று பார்க்கப் போனால் பேரிங் கூட்டத்தில் எங்கேயோ பின்னால் நிற்கிறது. புஜித்சூவின் எம்பிஜி வரிசை டிஸ்க்குகள் 2001, 2002 வாக்கில் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம், சர்க்யூட் போர்டில் இருந்த ஒரு சிப்பை மூடிய பிளாஸ்டிக் கலவையில் சேர்த்த சிவப்புப் பாஸ்பரஸ். ஐபிஎம்மின் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி கோர்ட் வரைக்கும் போனது, அதற்கு டெத்ஸ்டார் என்று பட்டப்பெயரே விழுந்தது. அதிலும் ஊரெல்லாம் பேசியது கிளிக் சத்தத்தையும் தகட்டையும்தான். தகட்டின் ஓரம் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஹெட் அதற்கு மேல் நானோமீட்டர் கணக்கில் மிதக்கிறது. அங்கே நடக்கிற கூத்தில் மோட்டார் என்ன பேரிங்கில் நின்றால் என்ன?

இதெல்லாம் படித்த பிறகும் நான் பேரிங் பேச்சை விடவில்லை. இப்போது யோசித்தால் காரணம் வெட்கக்கேடானது. பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றிலும் அந்த ஒன்றுதான் என் சொந்த அறிவு. மற்றதெல்லாம் படித்தது, அது கேட்டது, தொட்டது. கடைக்காரரிடம் "பேரிங் என்ன?" என்று கேட்கும்போது என் குரலில் அப்பாவின் குரல் வரும். சரியான பதிலைவிட அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஒரு பேரிங் போனது

போகவே போகாதா என்றால், போகும். 2014-இல் என் கையடக்க டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து விழுந்தது. மறுபடி சொருகியபோது டிக் இல்லை. பீப் என்று கொசுவின் பாட்டு மாதிரி ஒரு மெல்லிய சத்தம், அப்புறம் மௌனம், மறுபடி பீப். மோட்டார் சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. ஹெட் தகட்டில் ஒட்டிக்கொண்டாலும் இதே சத்தம் வரும். இது அதில்லை, ஸ்பிண்டில் ஜாம் என்றார் மீட்பு வேலை செய்கிறவர். விழுந்த அதிர்ச்சியில் எண்ணெய்ப் படலம் ஒரு நொடி கிழிந்து, உலோகமும் உலோகமும் தொட்டுப் பிடித்துக்கொண்டன. அப்பாவிடம் போனில் சொன்னேன். "தண்ணி இல்லாம ஓடுன புஷ்ஷு" என்றார். பதினொரு வருடத்துக்கு முந்தைய நிபந்தனை அப்போதுதான் காதில் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், டேட்டா முழுக்கத் திரும்பி வந்தது. தகடுகளைக் கழற்றி அதே மாடலின் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றிப் படித்துவிட்டார்கள். முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆனது, ஆனால் ஒரு படம்கூடப் போகவில்லை. நான் வாழ்நாளெல்லாம் பயந்த சாவு, இருப்பதிலேயே கருணையான சாவாக இருந்தது.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் நீளமாகப் பேசி அனுப்பினேன். பேரிங் பார்க்காதே, இரண்டு டிஸ்க் வாங்கு, இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதே, ஒன்று உன்னிடம், ஒன்று அம்மாவிடம் என்றேன். பாதிதான் கேட்டிருப்பான். போன ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க்கோடு கணபதி வீட்டுக்கு வந்தான். பட்டறை மூடி ஆறு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது, காது ஏறக்குறைய போய்விட்டது; நாற்பது வருடம் மோட்டார் சத்தத்தில் நின்ற காது. அவன் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி ஓடவிட்டு அவர் மடியில் வைத்தான். டெஸ்டரைத் தேடிப் பையைத் தடவினார், இல்லை. உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க தாத்தா" என்று அவன் சத்தமாகச் சொன்னான்.

"மாத்து எங்க வெச்சிருக்க?"

அவன் என்னைப் பார்த்தான். இன்னொன்று அன்று காலையில்தான் ஆர்டர் போட்டதாகவும், வந்து சேர வியாழக்கிழமை ஆகும் என்றும் சொன்னான்.

"அதுவரைக்கும் பழச அழிச்சுப்புடாத" என்று சொல்லி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார்.